வீட்டுல முக்கியமான பேப்பரை எல்லாம் எப்படி பத்திரமா வைக்கிறது?

நீங்க கேட்டது வீட்டுப் பத்திரம், சர்டிபிகேட், ஆதார், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் வீட்டுலயே எப்படி வைக்கிறது, லேமினேஷன் போடலாமா, பேங்க் லாக்கர் வேணுமான்னு. நான் தூத்துக்குடி மாவட்டத்துல தாமிரபரணி ஓரத்து ஊர்ல இ-சேவை மையம் வச்சிருக்கேன், 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஈரப் பேப்பரோட வந்தவங்களை நிறைய பாத்ததால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். (அந்த ரெண்டு நாள்ல காயல்பட்டினத்துல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி.)

முதல்ல எது முக்கியம்னு பிரிக்காதீங்க, எது போனா திரும்ப வாங்க முடியாதுன்னு பிரிங்க. எல்லாரும் ஆதாரையும் பான் கார்டையும்தான் பீரோ லாக்கருக்குள்ள பூட்டி வைக்கிறாங்க, ஆனா அது ரெண்டும்தான் ரொம்ப சுலபமா திரும்பக் கிடைக்கும், ஸ்மார்ட் கார்டு, லைசென்ஸ், ஆர்சி, பட்டா எல்லாமே அப்படித்தான், கம்ப்யூட்டர்ல இருக்கு, பிரிண்ட் எடுத்துக்கலாம் இல்ல அப்ளை பண்ணிக்கலாம். சென்னையில 2015 வெள்ளத்துக்கு அப்புறமும் 2023 மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும் அரசே சிறப்பு முகாம் போட்டு சான்றிதழ் நகல் குடுத்தாங்க. அதனால இதுகளுக்கு ரொம்ப பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேற. பதிவு பண்ணாத கூர்ச்சீட்டு (குடும்பச் சொத்தை பங்கு பிரிச்சு எழுதிக்கிட்ட தாள்), தாத்தா கையெழுத்து போட்டு வச்ச பதிவு பண்ணாத உயில், யாருக்கோ பணம் குடுத்து எழுதி வாங்கின புரோநோட்டு, அந்தக் காலத்து தீர்வை (நில வரி) ரசீது, பேப்பரா இருக்கிற பழைய ஷேர் சர்டிபிகேட். புரோநோட்டு ஒரிஜினல் இல்லாம கோர்ட்டுக்குப் போனா பணத்தை வாங்குறது பெரும்பாடு. கூர்ச்சீட்டுக்கு எந்த ஆபீஸ்லயும் நகல் கிடையாது, உங்க வீட்டுல இருக்கிற அந்த ஒரே தாள்தான். ஆனா நான் பாத்த வரைக்கும் இதெல்லாம்தான் பழைய துணிப்பையில பரண்ல கிடக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்னு எடைக்கும் போயிடும். இன்னைக்கே அந்தப் பையை இறக்கிப் பாருங்க.

கிரயப் பத்திரம் இதுக்கு ரெண்டுக்கும் நடுவுல. பதிவான பத்திரத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் கிடைக்கும், ஆனா ஒரிஜினல் திரும்ப வராது. நாளைக்கு லோன் போடவோ இடத்தை விக்கவோ போனா மூலப் பத்திரம் எங்கன்னு கேப்பாங்க, தொலைஞ்சதுன்னா போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம், கண்டுபிடிக்க முடியலைன்னு சர்டிபிகேட்டுன்னு ஒரு பெரிய அலைச்சல். வீட்டு லோன் முடிச்சவங்க இன்னொண்ணும் கவனிங்க. கடன் முழுசா அடைச்ச 30 நாளைக்குள்ள ஒரிஜினலை பேங்க் திருப்பித் தரணும், அவங்களால லேட் ஆனா நாள் ஒண்ணுக்கு 5000 ரூபாய் அவங்க தரணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் 2023 டிசம்பர் 1ல இருந்து இருக்கு. வாங்கும்போது லோன் போட்டப்ப குடுத்த லிஸ்ட்டை கையில வச்சு ஒவ்வொரு பேப்பரா சரிபாருங்க, அடமானத்தை ரத்து பண்ணின ரசீதையும் அதே ஃபைல்ல வைங்க.

இனி எங்க வைக்கிறதுன்னு. நம்ம ஊர்ல நிறைய பேர் பத்திரத்தை சாமி ரூம்ல வைப்பாங்க, அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனா விளக்கும் எண்ணெயும் இருக்கிற இடத்துல பேப்பர் வேண்டாம், ஒரு ஜெராக்ஸை வச்சு கும்பிட்டுட்டு ஒரிஜினலை வேற இடத்துக்கு மாத்துங்க. பாத்ரூம் சுவரை ஒட்டின அலமாரி கூடாது, ஓதம் ஏறும். சுவத்தோட ஒட்டின மர அலமாரியும் கூடாது, செல்லு (கரையான்) பின்னால இருந்து அரிச்சிட்டு வர்றது முன்னாடி தெரியவே தெரியாது. பரண் வேண்டாம், மொட்டைமாடி ஒழுகினா முதல்ல அங்கதான் சொட்டும். இரும்பு பீரோ நல்லது, ஆனா மேல் தட்டுல வைங்க. பீரோ அடித்தட்டுல வச்சிருந்தவங்க பேப்பர்தான் 2023ல மொத்தமா ஊறிப்போச்சு, மேல் தட்டுல இருந்த பல பேரோடது தப்பிச்சுது.

மூடி ஓரத்துல ரப்பர் இருக்கிற ஏர்டைட் டப்பா ஒண்ணு வாங்குங்க, அதுக்குள்ள தனித்தனி ஜிப் கவர். டப்பா லீகல் சைஸ் தாள் மடங்காம படுக்கிற நீளம் இருக்கணும், ஏன்னா ஸ்டாம்ப் பேப்பர் ஏ4ஐ விட நீளம், ஏ4 ஃபைல்ல திணிச்சா கீழ் ஓரம் மடங்கி மடங்கி கிழியும், அங்கதான் கையெழுத்தும் சீலும் இருக்கும். ஸ்டேப்ளர் பின் துரு பிடிக்கும், ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கும், கிழிஞ்ச இடத்துல செல்லோ டேப் ஒட்டினா கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையும் கெடுத்துடும், மூணையும் எடுத்துடுங்க. கடையில கிடைக்கிற வழவழன்னு கெட்டியான பிவிசி கவர்ல ஜெராக்ஸ், பிரிண்ட் தாளை வருஷக்கணக்கா வச்சா எழுத்து கவர்ல ஒட்டிட்டு வந்துடும், பாலிபுரொப்பிலீன்னு போட்ட கவரா பாத்து வாங்குங்க. டப்பாவை வெயில் நல்லா அடிக்கிற காலத்துல மூடுங்க, அடைமழையில மூடினா ஈரத்தையும் உள்ள வச்சு பூட்டின மாதிரி ஆயிடும். சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டா போதும், வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

லேமினேஷன் தயவுசெஞ்சு வேண்டாம். பத்திரம், டிகிரி, மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் எதுக்கும் வேண்டாம். சூடு வச்சு ஒட்டினதை தாளுக்கு சேதாரம் இல்லாம பிரிக்க முடியாது, வெளிநாட்டுக்கு அட்டெஸ்டேஷன் பண்ணப் போனா லேமினேட் பண்ணினதை வாங்க மாட்டேங்குறாங்க, எங்க கடைக்கு வர்ற பிள்ளைங்க இதுல படுற பாடு பாக்கவே கஷ்டமா இருக்கும். பேங்க் ஸ்லிப், கடை பில் மாதிரி தெர்மல் பேப்பர்னா சூடு பட்டதும் கறுத்துடும், சும்மா வச்சாலும் எழுத்து மறைஞ்சிடும். நகை பில், வாரண்டி பில் எல்லாம் வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க.

டப்பாவை விட நான் பெருசா நினைக்கிறது ஒரு தாள். அதுல பத்திர நம்பர், வருஷம், எந்த சார்பதிவாளர் ஆபீஸ், பாலிசி நம்பர், எந்த பேங்க் எந்த பிராஞ்ச், யார் நாமினின்னு எழுதி ஒண்ணு டப்பாவுலயும் ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற அக்கா, தம்பி யார்கிட்டயாவதும் குடுங்க. பத்திர நம்பர், வருஷம், ஆபீஸ் இந்த மூணு விவரம் இருந்தா பத்திர நகல் எடுக்கிறது சுலபம், இல்லைன்னா தேடித்தேடி அலையணும். வீட்டுக்காரர் இறந்த பிறகு எந்த இன்சூரன்ஸ்ல என்ன இருக்குன்னு தெரியாம வர்ற அம்மாக்களை பாக்கும்போது மனசு தாங்காது, அதனால சாவி எங்க, டப்பா எங்கன்னு வீட்டுல பெரியவங்க எல்லாருக்கும் தெரியணும். பாஸ்வேர்டு, பின் நம்பரை மட்டும் அந்தத் தாள்ல எழுதாதீங்க.

ஸ்கேன் பண்ணி வைங்க, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி வைக்கிறது ஸ்கேன் இல்ல, அது படத்தை சுருக்கிடும். டிஜிலாக்கர்ல (ஆவணங்களை போன்ல வச்சுக்கிற அரசு ஆப்) அரசுத் துறையில இருந்து நேரா வந்த ஆவணம் ஒரிஜினலுக்கு சமம், நீங்களே அப்லோட் பண்ணினது வெறும் காப்பிதான், இந்த வித்தியாசம் நிறைய பேருக்குத் தெரியல.

லாக்கர் எடுக்கலாம், மூலப் பத்திரத்துக்கு நல்லதுதான். தீ, திருட்டு, ஊழியர் மோசடின்னா பேங்க் பொறுப்பு வருஷ வாடகையில 100 மடங்கு வரைக்கும், வெள்ளம் மாதிரி இயற்கைப் பேரிடர்னா பொதுவா பொறுப்பு இல்ல, அதனால ஆத்தோரத்து ஊர்ல தரைத்தளத்துல இருக்கிற லாக்கர்னா யோசிங்க. உயிலை மட்டும் லாக்கர்ல வைக்காதீங்க, இறந்த பிறகு லாக்கரைத் திறக்கவே பேப்பர் கேப்பாங்க. சீல் வச்ச கவர்ல மாவட்டப் பதிவாளர்கிட்ட உயிலை ஒப்படைக்கிற வசதி பதிவுச் சட்டத்துலயே இருக்கு, இல்லைன்னா பதிவு பண்ணிடுங்க.

ஏற்கனவே நனைஞ்சது இருந்தா வெயில்ல காயப்போடாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க. வெள்ளைப் பருத்தித் துணி மேல தனித்தனியா பரப்பி ஃபேன் காத்துல விடுங்க, நியூஸ்பேப்பர் வேண்டாம், அதோட மை ஏறும். கட்டா ஒட்டிக்கிட்டு இருந்தா பிரிக்காதீங்க, அப்படியே ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, பூஞ்சை பிடிக்காம நிக்கும், அப்புறம் வெளிய எடுத்து ஈரம் இளக இளக நிதானமா ஒவ்வொண்ணா பிரிச்சு காயவைக்கலாம்.