டோரிக் கோடில் ரன்னுக்கு ரன் காமா மாறுவது ஏன்?
தம்பி, தொண்டியில் இருந்துகொண்டு லேப்டாப்பில் 3×3 டோரஸ் (வடை மாதிரி மூடிய பரப்பு), 18 ஸ்பின் வைத்து டோரிக் கோடை (ஒரு குவாண்டம் ஸ்பின் மாதிரி) லான்சோஸில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடும் கணக்குமுறை) ஓட்டினேன், உருளையாக வெட்டினால் காமா (என்ட்ரோபியில் கழியும் எண்) ஒவ்வொரு ரன்னுக்கும் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புரோகிராமை சந்தேகப்பட வேண்டாம். டோரஸில் தரைநிலை, அதாவது மிகக் குறைந்த ஆற்றலுள்ள நிலை, நான்கு, நான்குக்கும் ஒரே ஆற்றல், லான்சோஸ் எந்த வெக்டரில் தொடங்குகிறதோ அதற்கேற்ற ஒரு கலவையைத்தான் தரும். 2006-இல் கிட்டாயெவ்-பிரெஸ்கில், லெவின்-வென் என்ற இயற்பியலாளர்கள் சொன்ன விஷயம், அதாவது எல்லை நீளத்துக்கு ஏற்ற என்ட்ரோபியில் (வெட்டிய பகுதி மீதியோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதன் அளவு) காமா (இங்கே லாக் 2, சுமார் 0.693) கழியும் என்பது, வட்டு மாதிரி சுருங்கக்கூடிய பகுதிக்கு. உருளைக்கு இரண்டு விளிம்பு, இரண்டுமே டோரஸைச் சுற்றி வருகின்றன, அதனால் கழிவது கலவையைப் பொறுத்து பூஜ்யத்திலிருந்து இரண்டு லாக் 2 வரை எங்கேயும் நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? வெட்டுக்கு இணையாகச் சுற்றும் எக்ஸ் வளையம், இசட் வளையம் (டோரஸைச் சுற்றிய பாதையில் உள்ள ஸ்பின்களின் எக்ஸ் அல்லது இசட் ஆபரேட்டர்களின் பெருக்கல்) இரண்டையும் சின்னக் குணகத்தோடு ஹாமில்டோனியனில் (ஆற்றலைத் தரும் ஆபரேட்டர்) சேருங்கள். அவை ஒன்றோடொன்றும் மற்ற உறுப்புகளோடும் கம்யூட் ஆகும் (எதை முதலில் பெருக்கினாலும் விடை ஒன்றே), அதனால் நிலை கெடாது. கீழ்மட்ட நிலை தனியாக நிற்கும், அதில் முழு இரண்டு லாக் 2 கழியும். அப்புறம் ரேண்டம் சீடை (தொடக்க வெக்டரைத் தீர்மானிக்கும் எண்) எழுதி வையுங்கள், கச்சான் காற்று அடித்தால் நம்ம பக்கம் கரண்டை நம்ப முடியாது, ரன் பாதியில் நின்றாலும் அதே தொடக்கத்தில் மறுபடி ஓட்டலாம். பழைய புரோகிராமில் அதே சீடுக்கு அதே காமா வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.