ஸ்படிகத்துக்குள் தங்கக் கம்பி எப்படிப் போனது?

கேள்வி: ஒரு கண்காட்சியில் கைக்கு அடக்கமான ஸ்படிகக் கல் வாங்கினேன், பிரேசில் கல்லாம். உள்ளே ஒரு கறுப்புத் தகடு, அதிலிருந்து பொன்னிறக் கம்பிகள் நட்சத்திரம் மாதிரி விரிகின்றன. தங்கக் கம்பி என்று சொல்லித்தான் விற்றார்கள். நிஜமாகவே தங்கமா? கல்லுக்குள் எப்படிப் போனது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தங்கம் இல்லை. ஆனால் ஏமாந்துவிட்டோமே என்று வருத்தப்படாதீர்கள், உங்களிடம் இருப்பது அருமையான கல். அந்தக் கம்பிகள் ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. உங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே ரூட்டைல் பொடிப்பொடியாகக் கிடக்கிறது, வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவதும் இந்த டைட்டானியம் டை ஆக்சைடுதான். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42, ரூட்டைலுக்கோ 2.6க்கும் மேல். அதனால்தான் முடி போல மெலிந்த கம்பிகூட அப்படித் தகதகக்கிறது.

கறுப்புத் தகடு ஹேமடைட், இரும்பின் ஆக்சைடு. இப்படித் தகடும் நட்சத்திரமும் சேர்ந்து வருவதற்குப் பேர்போன இடம் பிரேசிலில் பாஹியா மாநிலத்து நோவோ ஒரிசோன்ச்சி. ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், கம்பிகள் கண்டபடி கிளம்பியிருக்காது, ஏறக்குறைய 60 பாகை இடைவெளியில் ஆறு திசையாகப் பிரியும். ஹேமடைட்டுக்குள் அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன, அதன்மேல் முளைத்த ரூட்டைல் அந்த ஒழுங்கையே பிடித்துக்கொண்டு வளர்ந்துவிட்டது.

கம்பி கல்லுக்குள் போனதாக நினைப்பதால்தான் குழப்பம். முதலில் தகடு, பிறகு கம்பி, இரண்டும் பாறை இடுக்கில் வெந்நீருக்குள் நின்றன. அந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அப்புறம்தான் மெல்ல மெல்லப் படிந்து, ஒரு கம்பியையும் கலைக்காமல் சுற்றி மூடி ஸ்படிகமானது. சில கற்களில் ஒடிந்த கம்பியின் துண்டு கொஞ்சம் தள்ளிக் கிடக்கும், அது ஒடிந்த பிறகு ஸ்படிகம் வந்து மூடியிருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்தக் கல்லில் மிகவும் பிடித்தது இதுதான், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று வெறும் கண்ணாலேயே படிக்க முடிகிறது.

கண்ணாடியோ என்ற சந்தேகம் இருந்தால் உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஸ்படிகத்தின் கடினம் 7, சாதாரணக் கத்தி கீறாது, ஆனாலும் பாலிஷ் போட்ட கல்லில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும், அமிலம் எதுவும் தொடக்கூடாது. கொதிக்கும் நீரில் போடாதீர்கள், சட்டென்று சூடேறினால் விரிசல் விடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், மேலிருந்து அடித்தால் பளபளப்புதான் தெரியும், பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு கம்பியாகப் பற்றிக்கொள்ளும்.