சைட் எஞ்சினியர் வக்கீலாகலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக மேம்பாலப் பணிகளில் சைட் எஞ்சினியராக இருக்கிறேன். எங்கள் கம்பெனியின் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் நடக்கும் விசாரணை) ஒன்றுக்குக் கோப்பு தயாரிக்கப் போனதிலிருந்து கட்டுமான வழக்குகள் மீது ஆசை வந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு சட்டம் படிக்கலாமா? வயது 29. வீட்டுக் கடன் இருக்கிறது.
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் படிக்கலாம் தம்பி. ஆனால் ராஜினாமாவுக்கு அவசரப்பட வேண்டாம்.

டெல்லி ஏர்போர்ட் மெட்ரோ வழக்கைப் பாருங்கள். பாலத்தில் குறைகள், கர்டர்களில் (பாலத்தைத் தாங்கும் உத்திரங்களில்) விரிசல்கள் என்று சொல்லி, ரயிலை இயக்கிய தனியார் நிறுவனம் 2012-இல் ஒப்பந்தத்தை முறித்தது. 2017-இல் நடுவர் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்கு டெல்லி மெட்ரோ ரயில் கழகம் சுமார் 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்றது. 2021-இல் அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றமே 2024-இல் ரத்து செய்தது. ஒப்பந்தம் தந்த 90 நாளுக்குள் குறைகள் சரிசெய்யப்பட்டனவா, அதற்கான உருப்படியான நடவடிக்கையாவது எடுக்கப்பட்டதா என்பதுதான் முக்கியக் கேள்வி. ரயில் ஓடலாம் என்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றிதழைத் தீர்ப்பாயம் கண்டுகொள்ளவில்லை என்றது நீதிமன்றம். விரிசலையும் ஒப்பந்த ஷரத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே எவ்வளவு தேவை என்று புரிகிறதா?

உங்கள் சைட் அனுபவத்துக்கு மதிப்பு அங்கேதான். ட்ராயிங் 45 நாள் தாமதமாக வந்தது என்று சொன்னால் மட்டும் கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) நிற்காது. அந்த நாட்களில் எந்த வேலை நின்றது, அது கிரிட்டிகல் பாத்தில் (தாமதமானால் மொத்தத் திட்டமே தள்ளிப்போகும் வேலைகளின் வரிசையில்) இருந்ததா, கிரேனும் ஆட்களும் சும்மா இருந்ததற்குப் பதிவு உண்டா என்று குடைவார்கள். எம்.புக்கும் (வேலை அளவுகளைக் குறிக்கும் புத்தகம்) ஆர்.ஏ. பில்லும் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) தெரிந்த உங்களுக்கு இதெல்லாம் பழகிய பாதை.

சரி, படிப்புக்கு வருவோம். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். அஞ்சல் வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. வக்கீல் தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். வக்கீலாக இருந்துகொண்டு முழுநேரச் சம்பள வேலை பார்க்கவும் கூடாது. ஜூனியராக இருக்கும் காலத்தில் வருமானம் மிகக் குறைவு. கடன் தவணை இருக்கும்போது இது சாதாரண விஷயமில்லை, வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அதனால் முதலில் உங்கள் கம்பெனியிலேயே கான்ட்ராக்ட்ஸ் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். ஓரிரு ஆண்டு கிளெய்ம் தயாரித்துப் பாருங்கள், அதற்குள் கடனையும் குறையுங்கள். நிபுணர் சாட்சியாகவோ நடுவராகவோ ஆவதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் நடுவர் தீர்ப்பை எதிர்த்து, நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் வாதாட கறுப்பு அங்கி வேண்டும். அந்த ஆசை அப்போதும் குறையாமல் இருந்தால் கல்லூரியில் சேருங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சைட்டின் ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டரை (வேலைக்கு வந்த தடைகளைக் குறிக்கும் பதிவேடு) எடுத்து, கடைசிப் பதிவில் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை வாங்கி வையுங்கள்.