அந்தக் காவலர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி: சங்கரதாஸ் சுவாமிகளின் 'கோவலன்' நாடகத்தைப் பொற்கொல்லன் பார்வையில் மாற்றி எழுதுகிறோம். வறுமைதான் அவனைத் திருட வைத்தது என்று காட்டப்போகிறோம். சுவாமிகள் நாடகத்தில் கைவைக்காதே என்கிறார்கள் குழுவின் பெரியவர்கள். செய்யலாமா?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கைவைக்கலாம். சுவாமிகளே பழைய கதையைத் தம் காலத்து மேடைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டவர்தான். 1922இல் உங்கள் ஊரில் மறைந்து கருவடிக்குப்பத்தில் அடங்கியவரின் நாடகத்தை அந்த ஊர்க்காரர்களே தொடாமல் வைத்திருந்தால் வேறு யார் தொடுவது?

ஆனால் பொற்கொல்லன் வேண்டாம். அவன் சிறு பாத்திரமே அல்ல, கதையைத் திருப்புகிறவன். வறுமை என்பதும் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் அவன் அரண்மனைக் கொல்லன்; நூறு கொல்லர்கள் பின்னால் வர, சட்டை போட்டுக்கொண்டு நடந்து வருகிறவன். குற்றவாளியைக் கழுவித் துடைத்து நிறுத்துவது மறுவாசிப்பு ஆகாது. கொல்லர் பக்கம் நின்றே தீருவது என்றால், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகப் பாண்டியன் வெற்றிவேற்செழியன் பலியிட்ட ஆயிரம் பொற்கொல்லர்களில் ஒருவனை எடுங்கள். எவனோ செய்த திருட்டுக்குச் செத்தவன் அவன்.

நான் எழுதுவதாக இருந்தால் கொலைக்களத்துக் காவலர்களிடம் போவேன். கோவலனைப் பார்த்ததும், 'இவன் கொலைப்படு மகன் அலன்', அதாவது கொல்லப்பட வேண்டியவன் அல்லன், என்கிறார்கள். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வரின் தந்திரங்களை அடுக்குகிறான். வேல் ஏந்திய இளைஞன் ஒருவன், முன்பு தன் கையிலிருந்து தப்பிய திருடனின் கதையைச் சொல்லி, இவனை விட்டால் அரசன் நம்மை வருத்துவான் என்று அஞ்சுகிறான். பேச்சு முடிவதற்குள் படிக்காத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். 'கொலைப்படு மகன் அலன்' என்றவர்கள் அதன்பின் வாய் திறப்பதில்லை. இளங்கோவும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் நாடகம் தொடங்க வேண்டிய இடம் அது. அவர்களில் ஒருவனை எடுங்கள். சிலம்புக்குள் மாணிக்கமா முத்தா என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாததை அவன் வாயில் வைக்காதீர்கள். ஊழ்வினை பற்றிப் பேசவும் விடாதீர்கள். அவன் கண்ட முகம் ஒன்று, கேட்ட கட்டளை ஒன்று, அவ்வளவுதான் அவன் கையில் இருப்பது. மதுரை எரியும்போது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள் கண்ணகி. உண்மையைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றவன் எந்தப் பக்கம்? அந்தக் கேள்வியை எழுதி முடித்துவிட்டு, முதல் பிரதியை உங்கள் பெரியவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.