கொழுப்பில் எடுக்கும் ஸ்டெம் செல் ஊசி பார்க்கின்சனைக் குணப்படுத்துமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ஆறு வருடமாக பார்க்கின்சன். தொப்பைக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் என்கிற மூல செல்லை எடுத்து டிரிப்ஸில் ஏற்றினால் நடுக்கம் நின்றுவிடும் என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். மூன்று தவணை, நாலரை லட்சம். ஜப்பானில் இது வெற்றி என்று பேப்பர் கட்டிங்கும் காட்டினார்கள். நகையை அடகு வைக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜப்பான் செய்தி உண்மைதான். ஆனால் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் யாரும் கொழுப்பைத் தொடவில்லை. ஆரோக்கியமான ஒருவரின் ரத்த அணுக்களை, ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006-ல் கண்டறிந்த வழியில், எந்த வகை செல்லாகவும் வளரக்கூடிய ஆதி நிலைக்குத் திருப்பினார்கள். பிறகு அவற்றை, பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்லாகும் பாதையில் வளர்த்து, மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் வைத்தார்கள். உடல் நிராகரிக்காமல் இருக்க 15 மாதம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. மொத்தமே 7 பேர். 2025-ல் வந்த முடிவுப்படி, பலனை அளந்த 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை இல்லாத நேரத்திலும் அசைவு ஓரளவு தேறியிருந்தது. முழுக் குணம் என்று அவர்களே சொல்லவில்லை. ஆதி நிலையிலேயே சில செல்கள் தங்கிவிட்டால் கட்டி வளரலாம் என்பதால்தான் இவ்வளவு நிதானம்.

கொழுப்பில் எடுக்கும் செல் அந்த ரகமே இல்லை. டிரிப்ஸில் ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்து உங்களிடம் ஒரு சிடிஆர்ஐ எண்ணைக் காட்டி, 'கவர்மென்ட் அப்ரூவல் இருக்கிறது' என்பார்கள். ஏமாறாதீர்கள். அது ஆராய்ச்சிகளைப் பதியும் ஏடு. அதில் பெயர் இருப்பது அனுமதி ஆகாது. 2015-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வயதான பெண்கள் மூவருக்குக் கண்ணில் கொழுப்பு செல் ஊசி போட்டார்கள். அதுவும் அரசுப் பதிவேட்டில் இருந்த 'ஆராய்ச்சி'தான். தலைக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டார்கள். மூவருக்கும் பார்வை பெருமளவு போனது. ஒழுங்கான ஆராய்ச்சியில் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். பணம் என்று வாயெடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள். 'இந்த வாரத்துக்குள் கட்டினால் ஐம்பதாயிரம் குறைப்போம்' என்று போன் செய்கிற கோ-ஆர்டினேட்டருக்கு கமிஷன் இருக்கலாம்.

அப்படியானால் ஸ்டெம் செல் என்றாலே மோசடியா? இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பேச்சைக் கேட்டு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தையின் பெற்றோர் பயந்துவிடக் கூடாது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் சிஎம்சியில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே ரத்தம் உண்டாக்கும் செல் ரத்தத்தைத்தான் உண்டாக்குகிறது. மூளையைச் சரிசெய்கிறேன் என்று அது கிளம்புவதில்லை.

ஆராய்ச்சிக்கு வெளியே ஸ்டெம் செல்லை இப்படி விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-லேயே எழுதி வைத்துவிட்டது. எழுதி என்ன பயன்? விளம்பரப் பலகை இன்னும் தொங்குகிறது. புகார் கொடுத்தால் 'எங்கள் துறை இல்லை' என்று அடுத்த அலுவலகத்துக்குக் கை காட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் உங்களைப் போன்றவர்களின் நகை போகிறது.

சரி, அப்பாவுக்கு என்ன செய்யலாம்? நரம்பியல் மருத்துவரிடம் போய், பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரையை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடுகிறார் என்பதை ஒரு வாரம் எழுதிக் காட்டுங்கள். பலருக்கு அதைச் சரிசெய்தாலே நடை தேறும். அதற்கும் அடங்காவிட்டால் மூளையில் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் அறுவை சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சென்டரில் யார் என்ன சொன்னாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து.