பால்டர்ஸ் கேட் 2: எதிரி மேஜ்களிடம் அடி வாங்குபவர்களுக்கான கேள்வி பதில்

பால்டர்ஸ் கேட் 2 என்ற கணினி ஆட்டத்தில் வரும் எதிரி மந்திரவாதிகளைப் பற்றி, அதாவது மேஜ்களைப் பற்றி, மட்டும் இன்று கேளுங்கள். பயோவேர் உருவாக்கி 2000-ல் வெளிவந்த மூல ஆட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன். 2013-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். மோட் (ஆட்டத்தை மாற்றும் ரசிகர் இணைப்பு) போட்டு ஆடுபவர்கள் எந்த மோட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், எந்தச் சண்டையானாலும் உங்கள் பார்ட்டியின் ஆறு பேரையும் ஒரே இடத்தில் குவித்து நிறுத்தாதீர்கள். இதை இன்று இன்னும் சில தடவை சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கிறேன்.

சோர்ந்த குள்ளன்: ஒரே ஒரு மேஜ். என் பார்ட்டியில் மூன்று ஃபைட்டர்கள் சுற்றி நின்று வெட்டுகிறார்கள். ஆயுதம் பலிக்கவில்லை என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் அவன் என் பாதி ஆட்களைக் கொன்றுவிடுகிறான். இவன் என்ன சாகாவரம் பெற்றவனா?

இல்லை. நீங்கள் அடிக்கக் கூடாத நேரத்தில் அடிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் செய்தி வந்தால், பெரும்பாலும் அவன் ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸ் போட்டிருக்கிறான் என்று பொருள். ஆறாம் லெவல் ஸ்பெல், அதாவது மந்திரம். அது இருக்கும்வரை உங்கள் கையில் இருக்கும் ஆயுதத்தின் மந்திர வலிமை பிளஸ் ஒன்றா பிளஸ் ஐந்தா என்பது பொருட்டே இல்லை, மந்திர ஆயுதம் எதுவும் அவனைத் தொடாது. ஆனால் அதன் ஆயுள் நான்கு ரவுண்டுதான். ஒரு ரவுண்டு ஆறு நொடி, ஆக மொத்தம் 24 நொடி. அந்த 24 நொடியில் மூன்று ஃபைட்டர்களும் அவன் மூக்குக்கு முன்னால் நின்று வீணாக வாள் வீசினால், அவன் எறிகிற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதும் அவர்கள்தான். செய்தி வந்ததும் கதவுக்கு வெளியே ஓடுங்கள், சுவருக்குப் பின்னால் போங்கள், அவன் கண்ணில் படாமல் இருங்கள். நான்கு ரவுண்டு கழித்துத் திரும்பி வாருங்கள்.

ஓட மனமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. அந்த ஸ்பெல் தடுப்பது மந்திர ஆயுதங்களை மட்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண வாளுக்கு அது தடையே இல்லை. ஒவ்வொரு ஃபைட்டரின் பையிலும் மந்திரம் ஏறாத ஓர் ஆயுதம் இருக்கட்டும். அடியில் ஸ்டோன்ஸ்கின் என்ற கல் தோல் இருக்கும், அது வேறு கணக்கு: ஓர் அடிக்கு ஒரு தோல் உரியும். வேகமாக அடிப்பவன் அதைச் சீக்கிரம் உரித்துவிடுவான்.

இன்னொன்று, காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுங்கள். இந்த ஆட்டத்தில் மந்திரத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி உச்சாடனம் உண்டு. "வீட்டா, மோர்ட்டிஸ், காரியோ" என்று கேட்டால் அது நெக்ரோமான்ஸி, மரண மந்திரப் பிரிவு. பெரிய மேஜ் வாயிலிருந்து அது வந்தால் ஃபிங்கர் ஆஃப் டெத்தாக இருக்கலாம், ஹாரிட் வில்டிங்காகவும் இருக்கலாம். முன்னதற்கு உங்கள் பூசாரி டெத் வார்டு போட்டிருக்க வேண்டும். பின்னது ஓர் இடம் முழுவதையும் தாக்கும், அவனுடைய ஆட்களை மட்டும் விட்டுவிடும். அதனால்தான் குவிந்து நிற்காதீர்கள் என்கிறேன்.

இரவு ஆந்தை: என் மேஜுக்கு ஐந்தாம் லெவலில் ப்ரீச் இருக்கிறது. போட்டாலும் சில பேரிடம் ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

நல்ல கேள்வி. எதிரியின் பாதுகாப்பு மூன்று அடுக்கு. வெளியே மாயை: மிரர் இமேஜ், இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி வகையறா. நடுவில் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்: ஸ்பெல் டர்னிங், ஸ்பெல் டிஃப்லெக்‌ஷன், ஸ்பெல் ஷீல்டு. உள்ளே ஆயுதத்தைத் தடுப்பவை: ஸ்டோன்ஸ்கின், மேலே சொன்ன அந்த நான்கு ரவுண்டு ஸ்பெல், மேன்டில். ப்ரீச் உரிப்பது உள் அடுக்கை. சட்டையைக் கழற்றாமல் பனியனைக் கழற்றப் பார்த்தால் எப்படி?

முதலில் மாயையைக் கலைக்கும் ட்ரூ சைட். இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி இருந்தால் ஸ்பெல்லுக்கு அவனைக் குறிவைக்கவே முடியாது. அடுத்து நடு அடுக்கை உரிப்பவை: சீக்ரட் வேர்டு ஐந்தாம் லெவல், பியர்ஸ் மேஜிக் ஆறாம் லெவல், ரூபி ரே ஏழாம் லெவல். அவன் ஸ்பெல் ஷீல்டு போட்டிருந்தால் முதல் உரிப்பு அதோடு போய்விடும். எனவே லெவல் குறைந்ததை முதலில் எறியுங்கள், ரூபி ரேயை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு ப்ரீச். ப்ரீச் போய்ச் சேரும் அதே நொடியில் ஃபைட்டர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். உரித்துவிட்டு ஆள் அனுப்பத் தாமதித்தால் அவன் மறுபடி போட்டுக்கொள்வான்.

லிச்சிடம், அதாவது செத்தும் நடமாடும் மந்திரவாதியிடம், இது நடக்காது. ஐந்தாம் லெவல் வரையிலான ஸ்பெல் எதுவும் மூல ஆட்டத்தில் லிச்சைத் தொடாது, ப்ரீச்சும் அதில் சேர்த்தி. அங்கே நடு அடுக்கை உரித்தாலும் உள் அடுக்குக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மறுபடி அதே 24 நொடி.

பச்சை அங்கி: டிஸ்பெல் மேஜிக் போட்டேன், என் ஆட்கள் மேலிருந்த ஹேஸ்ட், ப்ளெஸ் எல்லாம் காணாமல் போய்விட்டன.

டிஸ்பெல் மேஜிக் அந்த இடத்தில் உள்ள எல்லார் மேலும் வேலை செய்யும். ரிமூவ் மேஜிக் எதிரிகள் மேல் மட்டும். இரண்டுமே மூன்றாம் லெவல்தான். இரண்டிலும் லெவல் கணக்கு உண்டு: சம லெவல் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவன் மேலே போகப் போக உங்கள் வாய்ப்பு லெவலுக்கு 10 சதவீதம் குறையும். நீங்கள் மேலே என்றால் 5 சதவீதம்தான் கூடும். கொடுப்பதில் கஞ்சத்தனம்.

இந்தக் கணக்கை உடைப்பவர் கெல்டோர்ன், பார்ட்டியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய இன்க்விசிட்டர் வீரர். இன்க்விசிட்டர் போடும் டிஸ்பெல், அவருடைய லெவல் இரட்டிப்பு என்று கணக்கு வைத்து வேலை செய்யும். ட்ரூ சைட்டும் அவரிடமே உண்டு. கோயில் வட்டாரத்துச் சாக்கடையில் நின்றுகொண்டிருக்கிறார், போய்க் கூட்டி வாருங்கள்.

கூர்வாள்: பிளஸ் மூன்று வாள் வைத்திருக்கிறேன், மேஜ் மேல் பலிக்கவில்லை என்று வருகிறது. பிளஸ் நான்கு வாங்க வேண்டுமா?

சோர்ந்த குள்ளனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒற்றைக் கண்: எனக்கு ஒரு சுலபமான வழி தெரியும். மேஜ் இருக்கும் அறைக்கு வெளியே, அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நின்று க்ளவுட்கில் மூன்று எறிந்தால் உள்ளேயே செத்துவிடுகிறான். ஏன் யாரும் சொல்வதில்லை?

எல்லாரும் சொல்வதுதான். வேலையும் செய்யும். விஷப் புகையை ஸ்டோன்ஸ்கின் தடுக்காது, க்ளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி நான்காம் லெவல் வரைதான் தடுக்கும், க்ளவுட்கில் ஐந்தாம் லெவல். புகைக்குள் நிற்கும்வரை அடி பட்டுக்கொண்டே இருப்பதால் அவன் ஆரம்பிக்கும் ஸ்பெல்லும் கலையும். லிச்சிடம் மட்டும் இந்தப் பருப்பு வேகாது.

வெள்ளைத் தாடி: இதையெல்லாம் பதிலாகச் சொல்லலாமா? எதிரிக்கு உங்களைத் தெரியவில்லை என்பதால் அவன் சும்மா நின்று சாகிறான். இது சண்டை இல்லை, ஏமாற்று.

ஏமாற்று என்றால் யார் முதலில் ஏமாற்றினது? பேசி முடித்த மறு நொடியே அவன் உடம்பில் நான்கைந்து பாதுகாப்பு ஒரே நேரத்தில் எரிகிறது. முன்கூட்டியே போட்டு வைக்கும் காண்டிஞ்சன்சி, ஸ்பெல் ட்ரிகர் என்று காரணம் சொல்லலாம்.

வெள்ளைத் தாடி: அதே காண்டிஞ்சன்சி உங்கள் மேஜுக்கும் கிடைக்கிறதே. போட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

போட்டுக்கொள்கிறேன். ஆனால் என் மேஜ் இன்று மூன்று சண்டை போட வேண்டும், மிச்சம் பிடித்துப் பிடித்துச் செலவு செய்ய வேண்டும். அவனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு சண்டை. மொத்தக் கையிருப்பையும் என் மேல் கொட்டிவிட்டுச் சாகலாம். இரண்டு பேர் நிலையும் சமம் இல்லை, ஆகவே நான் புகை எறிவதில் எனக்கு உறுத்தல் இல்லை.

ஒற்றைக் கண்: அப்படியானால் பேசுவதற்கு முன்னாலேயே திருடனை வைத்து அவன் காலடியில் ஏழெட்டு ட்ராப் வைப்பதும் சரிதானே?

அது மட்டும் வேண்டாம். நட்பாக நிற்கும் ஒருவனைச் சுற்றிக் கண்ணிவைத்துவிட்டு "வணக்கம் ஐயா" என்று பேச்சைத் தொடங்குவது அசிங்கம்.

வெள்ளைத் தாடி: புகை சரி, கண்ணி தப்பா? கோட்டை எங்கே போடுகிறீர்கள்?

எனக்குப் பிடித்த இடத்தில். தனியாக ஆடும் ஆட்டம் இது, உங்கள் கோடு உங்களுக்கு. என் ஆட்சேபணை ஒன்றுதான்: புகை மட்டுமே தெரிந்தவர்கள், மேஜே பேசிக்கொண்டு முதலில் கிட்ட வரும் சண்டையில் திணறிப்போவார்கள். பிரிட்ஜ் வட்டாரத்தில் ரோக் ஸ்டோன் வைத்துத் திறக்கும் அந்தக் கதவுக்குள் போய்ப் பாருங்கள். லிச், பிஹோல்டர், வாம்பயர், மேஜ் எல்லாம் ஒரே அறையில். அங்கே வெளியே நின்று எறிய வெளியே என்று ஓர் இடமே இல்லை. அந்த அறையை ஜெயித்தால் ஸ்டாஃப் ஆஃப் தி மேஜாய் என்ற மந்திரக்கோல் கிடைக்கும். சரி, இந்த வாக்குவாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாடோடிப் பாடகன்: ஊருக்குள் ஸ்பெல் போட்டதும் முக்காடு போட்ட மந்திரவாதிகள் வந்து அடிக்கிறார்கள். இவர்களை எப்படி ஜெயிப்பது?

ஏன் ஜெயிக்க வேண்டும்? அரசு வட்டாரத்தில் 5000 பொன் கட்டி மந்திரம் போட லைசென்ஸ் வாங்குங்கள். கட்டிடத்துக்குள் போட்டாலும் வரமாட்டார்கள். பூசாரி ஸ்பெல்லுக்கும் வரமாட்டார்கள்.

நாடோடிப் பாடகன்: லைசென்ஸ் வாங்காமல் ஜெயிக்க முடியுமா என்றுதான் கேட்டேன்.

முடியும். வந்து இறங்கும் இடத்திலேயே இன்க்விசிட்டரை நிறுத்துங்கள். மற்றவர்களைப் பிரித்து நிறுத்துங்கள். ஆம், மறுபடியும் அதையேதான் சொல்கிறேன்.

கல்லறைக் காவலன்: காங்காக்ஸ். லிச்சாக இருக்கும்போது கொன்றுவிட்டேன். எழுந்து வெறும் மண்டையோடாக மிதந்து வந்தது. ஹீரோவை இம்ப்ரிசன்மென்ட் போட்டுப் புதைத்துவிட்டது, ஆட்டம் முடிந்தது.

டெமிலிச். அதற்கு ஸ்பெல் பலிக்காது, பிளஸ் நான்குக்குக் கீழே எந்த ஆயுதமும் பலிக்காது. ஹீரோவை இம்ப்ரிசன்மென்ட் பிடித்தால் அங்கேயே முடிவு. மற்றவர்களைப் பிடித்தால் அதே இடத்தில் ஃப்ரீடம் போட்டு மீட்கலாம்.

என் விருப்பம் கோர்கன் என்ற கூட்டாளி. அவர் பெர்செர்க்கர், அதாவது வெறிகொண்டு சண்டை போடும் ஃபைட்டர்; ரேஜ் என்ற அந்த வெறி இருக்கும்வரை இம்ப்ரிசன்மென்ட் அவரைப் பிடிக்காது. கையில் பிளஸ் நான்கு அல்லது அதற்கு மேல். துறைமுகத்தில் க்ராம்வெல் என்ற கொல்லனிடம் க்ராம் ஃபேயர் சுத்தியலை அடித்து வாங்கியிருந்தால் தாராளம். மற்ற ஐந்து பேரும், முக்கியமாக ஹீரோ, காங்காக்ஸ் இருக்கும் கட்டிடத்துக்கு வெளியே. ரேஜ் 60 நொடி. அதற்குள் முடியவில்லை என்றால் கோர்கனை வெளியே இழுத்துவிடுங்கள். இன்னொரு வழி ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் அன்டெட் சுருள்: படித்தவரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது, நின்று நிதானமாக அடிக்கலாம். இதையும் ஏமாற்று என்று வெள்ளைத் தாடி வரப்போகிறார்.

வெள்ளைத் தாடி: வந்துவிட்டேன். ஏமாற்றுதான்.

குட்டி ட்ராகன்: என் வாள் மேஜ் மேல் வேலை செய்யவில்லை.

24 நொடி. மேலே.

மூன்றாம் பாகம்: பால்டர்ஸ் கேட் 3-ல் கவுன்டர்ஸ்பெல் எப்போது போடலாம்?

அதன் விதிகளே வேறு, என் பேட்டை இல்லை. அதை ஆடுபவர்களிடம் கேளுங்கள்.

இரவு ஆந்தை: கடைசியாக ஒன்று. நேரத்தை நிறுத்தும் டைம் ஸ்டாப்பை எதிரி மேஜ் போட்டுவிட்டால் என்ன செய்வது?

போட்டுவிட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது, மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். செய்வதெல்லாம் அதற்கு முன்னால். அதன் காஸ்டிங் டைம் ஒன்பது, அதாவது ஒரு ரவுண்டில் ஐந்து நொடிக்கும் மேல் அவன் உச்சரித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குள் ஒரே ஓர் அடி உள்ளே இறங்கினால் கலைந்துவிடும். தீயோ அமிலமோ கலந்த அம்பு ஸ்டோன்ஸ்கினைத் தாண்டியும் சுடும். வில்லாளியிடம் அதற்கென்று ஒரு கட்டு தனியாக வைத்திருங்கள். ட்ரூயிட் (இயற்கையை வழிபடும் பூசாரி) இருந்தால் சண்டை ஆரம்பத்திலேயே இன்செக்ட் ப்ளேக் விடட்டும், பூச்சி மொய்க்கும்போது ஸ்பெல் தவறும்.

கலைக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் ஆட்களைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விரட்டிவிட்டு, அனிமேட் டெட் எலும்புக்கூடுகளை மட்டும் அவன் முன்னால் விடுங்கள். பூசாரி லெவல் 15 தாண்டியிருந்தால் வருவது ஸ்கெலிடன் வாரியர், 90 சதவீத மந்திர எதிர்ப்பு. வைத்திருக்கும் பெரிய ஸ்பெல்களையெல்லாம் அதன் மேல் கொட்டிவிட்டு அவன் வெறுங்கையோடு நிற்பான். அப்போது உள்ளே போங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கமாக.

கூர்வாள்: பிளஸ் நான்கு வாங்கிவிட்டேன். அப்படியும் பலிக்கவில்லை.

காங்காக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.