வலியும் கெட்ட கனவும்: கடைக்குப் போகும் முன்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். மூன்று வருஷமாக இடுப்பு வலி. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். நரம்பு வலிக்கென்று ராத்திரி படுக்கும்போது அமிட்ரிப்டிலின் 10 மி.கி., பிரிகாபலின் 75 மி.கி. போடச் சொன்னார் டாக்டர். வலி குறைந்தால் நாலைந்து நாள் நிறுத்திவிட்டு, வலி வந்ததும் மறுபடி போடுவேன். இப்போதெல்லாம் விடியற்காலையில் நிஜம் போலவே கனவு வருகிறது. மிஷின் தீப்பிடிக்கிறது, யாரோ துரத்துகிறார்கள். அதற்கப்புறம் தூக்கமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை தருகிறேன் என்கிறார்கள். மகள் ஆன்லைனில் மெலடோனின் கம்மீஸ் (தூக்க ஹார்மோன் கலந்த மிட்டாய்) பார்த்து வைத்திருக்கிறாள், டப்பா 800 ரூபாய். எதை வாங்கலாம்? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். "நாலைந்து நாள் நிறுத்திவிட்டு" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான்.

தெளிவான கனவுகள் அதிகம் வரும் உறக்கக் கட்டத்தை ரெம் என்பார்கள். நம் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. பின்னிரவுச் சுற்றுகளில் இந்த ரெம் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலையில்தான் கனவு அதிகம் என்பது உண்மை. அமிட்ரிப்டிலின் வகை மாத்திரைகள் ரெம் கட்டத்தைக் குறைத்து வைக்கக்கூடியவை. சட்டென்று நிறுத்தினால் குறைந்திருந்த ரெம் கூடுதலாகத் திரும்பி வரும். கனவும் கூடவே வரும். பிரிகாபலினைத் திடீரென்று விட்டாலும் தூக்கம் கெடும், வயிற்றைப் புரட்டும், படபடப்பு வரலாம். அதைப் போடும்போதே விசித்திரமான கனவு வரலாம் என்று பக்கவிளைவுப் பட்டியலிலும் இருக்கிறது.

இதோடு வலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும்தான் கனவு வருகிறது. ஆனால் கனவின் நடுவில் விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். புரண்டு படுக்கும்போதெல்லாம் வலி எழுப்பிவிட்டால், வந்த கனவெல்லாம் ஞாபகத்தில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுதலாக உறைக்கும் என்பதும் உண்டு. அது உங்கள் கற்பனை இல்லை.

ஆகவே காசு செலவழிக்கும் முன் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். விட்டு விட்டுப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் திட்டு விழும் என்று இதைத்தான் மறைக்கிறார்கள். அமிட்ரிப்டிலினைப் படுக்கும் நேரத்துக்குப் பதில் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் போடலாமா என்று கேளுங்கள். காலையில் உடம்பு எழும்பாமல் கிடந்தால், அதற்கு அந்த மாத்திரையின் மயக்கம் மிச்சமிருப்பதும் காரணமாக இருக்கலாம். நிறுத்துவதானால் எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ ப்ரோபிரனலால் போடுகிறவர்களுக்கும் கெட்ட கனவு வருவதுண்டு. அப்படி வேறு மாத்திரை இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அமிட்ரிப்டிலின் என்று இணையத்தில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. நரம்பு வலிக்குத் தருவது பெரும்பாலும் 10, 25 மி.கி. போன்ற சின்ன அளவு. டாக்டர் உங்களைத் தப்பாக நினைத்து எழுதிவிடவில்லை.

இனி மெடிக்கல் ஷாப் சமாசாரம். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள், மத்திய அரசின் மருந்து விதிகளில் கட்டுப்பாடு அதிகமுள்ள எச்1 அட்டவணையில் இருப்பவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதிப்படி, மருந்துச் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், பாருங்கள். சீட்டு கேட்காமல் எடுத்துத் தருகிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. ஏற்கெனவே மயக்கம் தரும் இரண்டு மாத்திரை போடுகிறீர்கள். அதன் மேல் மூன்றாவது சேர்ந்தால் தள்ளாட்டம், கீழே விழுவது, சிலருக்கு மூச்சு மந்தமாவது வரை போகும். பிரிகாபலினோடு மதுவும் ஆகாது. உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் வேறு யாருக்காவது இந்த வரி தேவைப்படலாம்.

கம்மீஸ் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம், மெலடோனினே சிலருக்குக் கனவைக் கூர்மையாக்கும். கனவுக்குப் பயந்து அதை வாங்குவது வேடிக்கை. அடுத்தது, டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பது. கனடாவில் 31 மெலடோனின் பொருட்களைச் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். ஒன்றில் லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 2023ல் வந்த சோதனையில் 25 கம்மீஸ் பொருட்களில் 22ன் லேபிள் அளவு சரியில்லை, ஒன்றில் மெலடோனினே இல்லை. நம் ஊர் டப்பாக்கள் அந்தப் பட்டியலில் இல்லைதான். அதற்காக 800 ரூபாய் கொடுத்து நம்ப வேண்டுமா?

அந்தப் பணத்தை மாத்திரையிலேயே மிச்சம் பிடிக்கலாம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கம்பெனி வைத்த பெயரைச் சொல்லாமல் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் விலை குறைவாகவே இருக்கும். மாத்திரையால் தொல்லை என்று தோன்றினால் நோயாளியே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது.

கனவுக்குக் காசில்லாத ஒரு வழியும் உண்டு. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் உட்கார்ந்து அதை எழுதுங்கள். முடிவை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள். மிஷின் தீப்பிடித்தால் நீங்களே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். அந்த மாற்றிய கதையைத் தினமும் சில நிமிஷம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். உளவியல் நிபுணர்கள் கற்றுத்தரும் முறைதான் இது. ஆனால் கனவில் உண்மையாகவே கை காலை வீசி அடிக்கிறீர்கள், கட்டிலிலிருந்து விழுகிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் விஷயம் வேறு. நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முதுகு வலி என்று 'ஆர்த்தோ' மெத்தை ஒன்றை ஆன்லைனில் 14,000 ரூபாய்க்கு வாங்கினோம். 100 நாள் படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றார்கள். பலகை மாதிரி இருக்கிறது, அப்பா இன்னும் சரியாகத் தூங்கவில்லை. திருப்பி எடுக்கச் சொன்னால் 'பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டீர்கள்' என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: உறையைப் பிரிக்காமல் 100 நாள் எப்படிப் படுப்பது என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். எழுதி என்பது முக்கியம். ஃபோனில் பேசியது எதற்கும் ஆகாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பேசிய சாட் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். ஆன்லைன் வணிகத்துக்கான 2020 விதிகளின்படி அவர்களின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். பாதி வழக்குகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன என்பது என் அனுபவம். அதற்கும் மசியவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

'ஆர்த்தோ' என்பது கம்பெனி வைத்துக்கொள்ளும் பெயர், டாக்டர் தரும் சான்றிதழ் இல்லை. முதுகு வலிக்குக் கெட்டி மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டு வெகு நாளாகிறது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை 90 நாள் கவனித்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. அடுத்த முறை கடைக்கு அப்பாவையே கூட்டிப் போங்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் வழக்கமாகப் படுக்கும் பக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிஷம் படுத்துப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் பஞ்சை அடித்து வெயிலில் காயவைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. அதற்குக் கூலி மட்டும்தான்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட்டு விற்கும் லட்ச ரூபாய் காந்த மெத்தை பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காந்தம் வலியைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. 'நாலு பேரைச் சேர்த்துவிட்டால் மெத்தை இலவசம்' என்று சொன்னால் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆள் சேர்த்தால் காசு என்ற சங்கிலித் திட்டத்தை 2021ன் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன.

கேள்வி: மூட்டு வலியால் தூக்கம் குறைவு. ஸ்மார்ட் வாட்ச் 'ஆழ்ந்த உறக்கம் 40 நிமிடம்' என்று காட்டுகிறது. நல்ல வாட்ச் வாங்கினால் சரியாகக் காட்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை வாட்ச் ஓரளவு சொல்லும். எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிஷம் என்பதைக் கையசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். சரியாக அளக்க மூளை அலையைப் பதிவு செய்ய வேண்டும். குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் வாட்ச் வாங்கும் பணத்தை உறக்கப் பரிசோதனைக்கு வையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ராத்திரி வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கலாம்.